நாற்பதுக்குப் பதினொன்று

சென்ற வாரம் ஆபீசர் தன் மனைவியிடம் ஓர் உதவி கேட்டதோடு விட்டிருந்தோம். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. மற்றதெல்லாம் உத்தரவு.

ஆபீசர் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில், ஆள்களைக் கவனிக்கும் பிரிவில் இரண்டாம் நிலை அதிகாரி அவர். மனைவியை வீட்டில் எல்லோரும் டீச்சர் என்பார்கள். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. முன்னறையில் ஒரு வெள்ளைப் பலகையும் பன்னிரண்டு நாற்காலியும் போட்டு, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். அதிலும் அவளுடைய தனிச் சரக்கு, பார்க்க ஒன்றுபோல் இருந்து ஆளைக் கவிழ்க்கும் வார்த்தைகள். பர்சனல் என்றால் சொந்த விஷயம், பர்சனெல் என்றால் வேலை பார்க்கும் ஆள்கள். எகனாமிக் என்றால் பொருளாதாரத்தைச் சேர்ந்தது, எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது. இப்படி இருநூறு ஜோடிகளைச் சேர்த்துப் புத்தகமே போட்டிருக்கிறாள். இதில் ஒன்றை மாற்றி எழுதிக் கடிதம் அனுப்பிவிட்டு, ஊர் சிரித்த பிறகுதான் முக்கால்வாசிப் பேர் அவளிடம் வந்து சேர்வார்கள்.

"எங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு ஒரு டெஸ்ட் வைக்கணும். உன் ஜோடி வார்த்தையில நாப்பது கேள்வி போட்டுக் குடு. மார்க்கைப் பார்த்துட்டு கிளாஸ் வைக்கப்போறோம். நீதான் எடுக்கணும்" என்று ஆபீசர் கேட்டார். டீச்சர் நாலு நாள் உட்கார்ந்து கேள்வி போட்டாள். கம்பெனியின் பெரிய ஹாலில் நின்று பாடம் எடுப்பதாக நினைத்து, பாத்திரம் கழுவும்போதுகூடச் சிரித்துக்கொண்டாள். பாவம்.

டெஸ்ட் நேற்று நடந்தது. இன்று சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஆபீசர் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைத் தொப்பென்று போட்டார்.

"முப்பத்தோரு பேப்பர். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஜி.எம். டிரைவர் வருவான். மார்க் லிஸ்டோட கவர்ல போட்டுக் குடுத்துடு."

கட்டைப் பிரித்த டீச்சருக்கு வாய் திறந்தபடி நின்றது. ஒவ்வொரு பேப்பரிலும் பெயர் எழுதிய மூலை மடிக்கப்பட்டு, அதன்மேல் ஒரு கிளிப் மாட்டியிருந்தது.

அது அவள் வழக்கம். ஒரு தோழியின் மகளுக்கு முகத்தைப் பார்த்து நாலு மார்க் கூடப் போட்டு, அந்தப் பெண் அந்த மார்க்கை நம்பி இண்டர்வியூவுக்குப் போய் அழுதுகொண்டு திரும்பி வந்த நாளிலிருந்து, பெயரைப் பார்த்து டீச்சர் ஒரு பேப்பரும் திருத்துவதில்லை. எல்லா மார்க்கையும் எழுதி முடித்த பிறகுதான் கிளிப்பை எடுப்பாள்.

"நீங்களா போட்டீங்க?"

"பின்னே? உன் வழக்கம் எனக்குத் தெரியாதா?" என்றார் ஆபீசர், அவித்த முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு. மஞ்சள் கரு உதட்டோரம் வழிந்தது. விரலை மேசை விரிப்பிலேயே துடைத்துக்கொண்டார். அது ஒன்றும் டீச்சர் கண்ணில் படவில்லை. மனுஷன் நம் வேலையை மதிக்கிறாரே என்று இன்னொரு முட்டையை உரித்து அவர் தட்டில் வைத்தாள்.

"கையெழுத்து மட்டும் உங்க அப்பா இனிஷியலோட போடு. வெளி நிறுவனம் திருத்தினதா இருக்கட்டும். புருஷன் பொண்டாட்டின்னு தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமா பேசுவான்."

"ஆபீஸ் ஆளுங்க மட்டும்தானே எழுதினாங்க?"

"ஷெட்டுல பெட்டி தூக்குறவனுக்கு இங்கிலீஷ் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, வண்டியை சர்வீஸுக்கு விடக் கிளம்பிப் போனார்.

அந்த ஷெட்டில்தான் அவருடைய அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், இருபத்தேழு வருடமாக வேலை பார்க்கிறார். இதே வீட்டு மாடியில் குடியிருக்கிறார். தம்பியைக் கையைப் பிடித்து அந்தக் கம்பெனிக்குள் கூட்டிப்போனவரும் அவர்தான். முதல் இரண்டு வருடம் தம்பியும் அதே ஷெட்டில்தான் பெட்டி தூக்கினார். இதையெல்லாம் ஆபீசர் மறந்து பல காலம் ஆகிறது.

டீச்சர் பச்சைப் பேனாவோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு வாக்கியம், அதில் ஒரு கோடிட்ட இடம், கீழே ஒரு ஜோடி வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். டிக் அடித்தால் வால் நீண்டு பக்கத்துக் கட்டத்தில் விழுகிறது என்று அவள் வகுப்பில் எப்போதும் பெருக்கல் குறிதான்.

இருபத்திரண்டு பேப்பர் சுமாராகப் போயிற்று. இருபது, இருபத்து மூன்று, ஒருவர் இருபத்தாறு. ஆபீஸ் லட்சணம் அவ்வளவுதான். மீதி ஒன்பது பேப்பர் அடியில் ஒரே கட்டாகக் கிடந்தன. அவற்றையும் எடுத்துத் திருத்தினாள்.

பதினொன்று. ஒன்பது. பன்னிரண்டு. எட்டு. மீதிப் பேப்பர்களும் அப்படியே.

முதலில் கோபம் வந்தது. பிறகு பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வார்த்தையில் ஒன்றுதான் விடை. கண்ணைக் கட்டிக்கொண்டு குறி போட்டாலே நாற்பதுக்கு இருபது வந்துவிடும். ஒன்றுமே தெரியாதவனுக்கு இருபது வரும் இடத்தில், ஒன்பது பேர் சொல்லிவைத்தாற்போல் பன்னிரண்டைத் தாண்டவில்லை. இத்தனை கேள்வியைத் தப்பாக எழுத வேண்டுமென்றால், சரி எது என்று தெரிந்திருக்க வேண்டும்!

மாடியிலிருந்து டீயோடு வந்த ஓரகத்தி, பெரியவரின் மனைவி, எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கண் மட்டும் கழுகுக் கண்.

"இதென்ன, பேப்பர் பூரா நீலமா அப்பிக்கிட்டிருக்கு?"

ஒன்பது பேப்பரிலும் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலச் சுவடு இருந்தது.

"இங்க் இல்ல டீச்சர், இது சாக்பீஸ். உங்க பெரியத்தான் சட்டையில தினம் நான் அடிச்சுத் துவைக்கிற நீலம் இது. ஷெட்டு நீலம். கல்யாணமான நாளா இதோட மல்லுக்கட்டறேன், எனக்குத் தெரியாதா?"

டீச்சர் மார்க்கையெல்லாம் பட்டியலில் எழுதி முடித்திருந்தாள். வழக்கம் கெடவில்லை. மேலே இருந்த பேப்பரின் கிளிப்பை எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள்.

பெரியவருடைய பெயர். நாற்பதுக்குப் பதினொன்று.

"அக்கா, பெரியத்தான் டெஸ்ட் எழுதினதா உங்ககிட்ட சொன்னாரா?"

"ஏதோ காகிதம் குடுத்தாங்க, குறி போட்டுட்டு வந்தோம்னார். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து அப்படியே படுத்துட்டார். காலையில மறுபடி ஓடிட்டார். ஏன், என்ன ஆச்சு?"

ஷெட்டுல பெட்டி தூக்குறவனுக்கு இங்கிலீஷ் எதுக்கு என்று காலையில் ஆபீசர் சொன்னது டீச்சர் காதிலேயே நின்றது.

இரண்டு மணிக்குப் பெரியவர் வந்தார். கை காலைக் கழுவவிடாமல் டீச்சர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பெரியத்தான், கன்சைனர்னா யாரு, கன்சைனி யாரு?"

"என்ன டீச்சரம்மா, சின்னப் புள்ளையைக் கேக்குற மாதிரி? அனுப்புறவன் கன்சைனர். வாங்குறவன் கன்சைனி. இதை மாத்திப் போட்டா லாரி போன வழியே திரும்பி வரும்."

"என்ஷ்யூர், இன்ஷ்யூர்?"

"பெட்டி உடையாமப் பாத்துக்கறது என்ஷ்யூர். உடைஞ்சா காசு கேக்குறதுக்காக முன்னாடியே கட்டி வைக்கிறது இன்ஷ்யூர். ரெண்டு ஃபாரமும் என் மேசையிலதானே கிடக்குது!"

டீச்சர் அவர் முன்னால் பேப்பரை நீட்டினாள். கன்சைனி வர வேண்டிய இடத்தில் கன்சைனர் பக்கத்தில் பெரிதாகப் பெருக்கல் குறி இருந்தது.

"அப்ப இது ஏன்?"

"இது தப்பான வார்த்தைம்மா. அதான் குறி போட்டிருக்கேன்."

"தப்பானதுக்கா?"

பெரியவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உடைஞ்ச பெட்டிக்குத்தானே பெருக்கல் போடுவாங்க? குறி விழுந்தா அது கழிவு, லாரியில ஏத்தக் கூடாது. குறி இல்லாதது போகும். நல்ல பெட்டிக்கு யாராவது சாக்பீஸை வீணாக்குவாங்களா?"

இருபத்தேழு வருடம் அந்தக் கை கழிவுக்கு மட்டும்தான் குறி போட்டிருக்கிறது. ஒன்பது பேரும் அப்படித்தான். நாற்பது கேள்வியிலும் கழிக்க வேண்டிய வார்த்தையைத் தேடிப் பிடித்துக் குறி போட்டுவிட்டு, நல்ல வார்த்தையை லாரிக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறார்கள். அப்படியானால் பெரியவருடைய மார்க் பதினொன்று இல்லை, இருபத்தொன்பது. எட்டு எடுத்தவருக்கு முப்பத்திரண்டு. ஆபீஸில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை.

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "என் தப்புதான் பெரியத்தான். நான்தான் பெருக்கல் குறின்னு போட்டேன். அவர் வந்ததும் சொல்லி ஒன்பது பேர் மார்க்கையும் மாத்திடறேன்."

"ஒன்பது பேரா எழுதினாங்க?" என்று ஓரகத்தி குறுக்கே கேட்டாள். அவள் முகம் சரியாக இல்லை. "ஏங்க, பெட்டி அடுக்குற மெஷின் வருது, ஷெட்டுல ஒன்பது பேர் அதிகம்னு போன மாசம் ஒரு பேச்சு வந்துச்சே?"

"அது சும்மா புரளி. அப்படி எதுனா இருந்தா தம்பி சொல்ல மாட்டானா?" என்றார் பெரியவர்.

நாலு மணிக்குத் தம்பி வந்தார். வண்டியைப் பளபளவென்று துடைத்து வாங்கி வந்திருந்தார், தலைக்குச் சாயமும் அடித்துக்கொண்டு. அந்த வாடை கூடம் முழுக்கப் பரவியது. டீச்சர் ஓட்டமாகப் போய் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். ஷெட்டு ஆள்களும் எழுதியிருப்பதை ஏன் மறைத்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பெருக்கல் குறி, நீலச் சாக்பீஸ், கழிவுப் பெட்டி, இருபத்தொன்பது. சொல்லி முடித்துவிட்டு, அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிப்பார் என்று பார்த்தாள்.

ஆபீசர் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"பதினொண்ணுன்னா பதினொண்ணுதான். லிஸ்ட்ல அதையே எழுது."

"உங்களுக்குப் புரியலையா? அவங்க எல்லாம்..."

"தெரியும். நேத்து நான்தான் ஹால்ல சுத்தி வந்தேன். முதல் அஞ்சு நிமிஷத்துலயே பார்த்துட்டேன். நானும் ரெண்டு வருஷம் அந்தச் சாக்பீஸைப் பிடிச்சவன்தானே?"

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டு என்ன? குறி போடச் சொன்னோம், போட்டாங்க. வேலை சுலபமாச்சு."

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்த ஆளுக்கு இதுவரை மரியாதை கொடுத்து எழுதிவிட்டேன். இனி 'ர்' போட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பது பேர் ஊமையாகக் குனிந்து உட்கார்ந்து தங்கள் வேலைக்குத் தாங்களே குறி போட்டுக்கொண்டிருந்தபோது, அதில் ஒருவர் கூடப் பிறந்த அண்ணனாக இருந்தபோது, இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துபோயிருக்கிறான். டீச்சருக்குக் குமட்டியது. காலையில் இவன் தின்ற முட்டை, மேசை விரிப்பில் இருந்த மஞ்சள் கறை, இப்போது இந்தச் சாய வாடை, எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு ஏறியது. இவனுக்காகவா இன்று காலை முட்டை உரித்து வைத்தோம் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அந்த ஒன்பது பேரை என்ன பண்ணப்போறீங்க?"

"திறமை அடிப்படையில விடுவிக்கிறோம்."

"அதாவது வேலையை விட்டுத் துரத்தறீங்க. மெஷின் வருதுன்னு."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல" என்றாள் டீச்சர். குரல் அடங்கி, பாடம் எடுக்கும் குரலாக வந்தது. "ரிடண்டன்ட்னா வேலைக்கு ஆள் அதிகம்னு அர்த்தம். இன்காம்பிடன்ட்னா ஆளுக்குத் திறமை இல்லைன்னு அர்த்தம். முதலாவதுன்னு எழுதினா, இருபத்தேழு வருஷத்துக்கும் சேர்த்து நஷ்ட ஈடு தரணும். ரெண்டாவதுன்னு எழுதினா, ஒரு கடுதாசி குடுத்தாப் போதும். அதுக்குத்தானே என் நாப்பது கேள்வி? அதுக்குத்தானே கிளிப்பு?"

ஆபீசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இது சத்தமில்லாம முடிஞ்சா என்னை ஒருபடி மேல தூக்குறதா ஜி.எம். சொல்லியிருக்கார். நமக்காகத்தானே செய்யறேன்? அண்ணனை நான் பார்த்துக்க மாட்டேனா?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். நடந்ததை எழுதுவேன்."

"எழுதேன். திருத்தினவ யாருன்னு கேப்பாங்க. அந்த ஒன்பது பேர்ல ஒருத்தனோட தம்பி பொண்டாட்டின்னு நான் சொல்லுவேன். ஒருத்தனும் உன்னை நம்ப மாட்டான். உன் கிளாஸுக்கும் ஒரு நாய் வராது."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இவன் அந்தக் கத்தியையும் அவள் கையாலேயே தீட்டி வாங்கியிருந்தான்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பெரியவரும் ஓரகத்தியும் பாதிப் படியில் நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நீ பார்த்துட்டேதான் இருந்தியாடா?" என்று பெரியவர் கேட்டார்.

தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. மேசைக்குப் போய், வகுப்பின் பெயர் அச்சடித்த தாளை எடுத்து எழுதினாள். ஒன்பது பேருக்கும் இரண்டு மார்க்: எழுதியபடி ஒன்று, படிக்க வேண்டியபடி ஒன்று. ஏன் என்பதற்கு நாலு வரி. அதன் கீழே, இது வெளி நிறுவனம் இல்லை, இதைத் திருத்தியவள் உங்கள் அதிகாரியின் மனைவி, ஒன்பது பேரில் ஒருவர் என் கணவரின் அண்ணன், டெஸ்ட் நடக்கும்போதே என் கணவருக்கு இந்தத் தவறு தெரியும், என்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் ஒன்பது பேரையும் கூப்பிட்டு வாய்வழியாகக் கேட்டுப் பாருங்கள் என்று எழுதினாள். எதிரி சொல்லப்போவதை எல்லாம் தானே முந்திக்கொண்டு சொல்லியாயிற்று. புருஷன் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டாள். ஊருக்குள் இது பரவினால் அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் இனி யார் உட்காருவார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்துவிட்டுக் கவரை ஒட்டினாள்.

சரியாக ஐந்து மணிக்கு டிரைவர் வந்தான். வெளி ஆள் முன்னால் ஆபீசர் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கவர் போயிற்று. கம்பெனி அங்கிருந்து பத்து நிமிஷ தூரம்.

"என் வேலை போச்சு" என்றான். இன்னொரு முறையும் சொன்னான். பிறகு, "மூஞ்சி கழுவிட்டு வரேன்" என்று பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பெரியவர் மெதுவாக டீச்சரிடம் வந்தார்.

"டீச்சரம்மா, ஜி.எம். கேட்டா, அவன் பார்த்தான்னு எழுதினதை மட்டும் தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிடேன்."

"பெரியத்தான்!"

"சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான்மா. தப்பு பண்ணிட்டு, யாருக்கும் தெரியாம பின்னாடி போய் அழுவான். இப்பவும் அழுதுக்கிட்டுத்தான் இருப்பான். எனக்கு எங்கேயாவது ஒரு வாட்ச்மேன் வேலை கிடைச்சாலும் போதும். அவனுக்கு அந்த மேசையை விட்டா வேற ஒண்ணும் தெரியாது."

"நீங்க உப்புப் போட்டுத்தானே சோறு தின்னறீங்க?" என்று ஓரகத்தி கத்தினாள். "அவர் உங்க தலையில மண்ணை அள்ளிப் போடறார், நீங்க அவருக்கு வக்காலத்து வாங்குறீங்க!"

"அவன் என் தம்பிடி" என்றார் பெரியவர்.

ஐந்தரை மணிக்கு டீச்சரின் போன் அடித்தது. வகுப்புத் தாளில் அச்சடித்திருந்த நம்பர் அது.

"அம்மா, நான் ஜி.எம். பேசறேன். உங்க லெட்டர் வந்துச்சு."

"ஆமா சார். அதுல இருக்கிறது ஒவ்வொண்ணும்..."

"அது கிடக்கட்டும்மா." குரல் இதமாக, வெகு கனிவாக இருந்தது. "இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கா சார்? எனக்கென்ன?"

"சங்கடப்படாதீங்கம்மா, இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷமா மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிடறீங்களாமே? உங்க வீட்டுக்காரர் இப்பத்தான் எல்லாத்தையும் சொன்னார். பாவம், போன்லயே அழுதுட்டார்."

பின்கட்டுக் கதவு திறந்தது. ஆபீசர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வந்தான். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.